தராசின் எண் திரையில் நின்றுவிட்டால்: பின்னணி இழையிலிருந்து இடைமுகத்துக்குச் செய்தி போகாத இடங்கள்

பரந்தனிலிருந்து முருங்கன் வரை நெல் வாங்கும் ஆலைகள் பலவற்றில் இலத்திரனியல் தராசோடு ஒரு மேசைக் கணினியும் இணைந்திருக்கிறது. அந்தக் கணினியில் ஓடும் மென்பொருள் பார்வைக்கு எளியது: நிறையைக் காட்ட வேண்டும், கமக்காரரின் பெயரையும் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பதிய வேண்டும், பற்றுச்சீட்டை அச்சிட வேண்டும். உள்ளே இரண்டு இழைகள் ஓடுகின்றன. திரெட் என்று நாம் வழமையாகச் சொல்லும் இந்த இழைகளில் ஒன்று சீரியல் போர்ட்டில் காத்திருந்து தராசு அனுப்பும் வரிகளைப் படிக்கிறது; மற்றையது சாளரத்தை வரைந்து, பொத்தான் அழுத்தங்களைக் கவனிக்கிறது. காலபோக அறுவடை நாட்களில், வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசை கட்டி நிற்கும்போது வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை இவ்விரண்டுக்கும் நடுவேதான் பிறக்கின்றன. அறிவியல் நகர், பம்பைமடு பல்கலைக்கழக வளாகங்களில் படித்துவிட்டு இவ்வகை வேலைகளை எடுத்துச் செய்பவர்களை மனத்திற்கொண்டு, அறிகுறியை வைத்துக் காரணத்தைத் தேடும் முறையில் இதை எழுதுகிறேன்.

அடிப்படை ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். விண்டோஸ் ஆனாலும், சாளரம் வரைய உதவும் நிரலகங்களான ஜாவாவின் சுவிங், கியூட்டி ஆனாலும், இடைமுகத்தை, அதாவது பயனர் காணும் சாளரத்தை, தொடும் உரிமை ஒரேயோர் இழைக்குத்தான் உண்டு. அந்த இழை ஒரு செய்தி வரிசையின் முன்னே நின்று, ஒவ்வொரு செய்தியாக எடுத்து, அதற்குரிய வேலையை முடித்துவிட்டு அடுத்ததை எடுக்கிறது. பின்னணி இழை சாளரத்தைத் தானாகத் தொடக்கூடாது. தான் சொல்ல வேண்டியதை அந்த வரிசையில் போட்டுவிட்டு நகர வேண்டும்.

எதையும் திருத்துவதற்கு முன்

மூன்று இடங்களில் பதிவுக்கோப்பில் ஒரு வரி எழுதுங்கள்: பின்னணி இழை செய்தியை வரிசையில் போடும் கணம், இடைமுக இழை அதை எடுக்கும் கணம், திரையில் எண்ணை மாற்றி முடித்த கணம். ஒவ்வொரு வரியிலும் மில்லிசெக்கன் வரையான நேரம், இழையின் அடையாள எண், செய்தியின் தொடர் எண் ஆகிய மூன்றும் இருக்கட்டும். முதல் வரியும் இரண்டாம் வரியும் ஒரே இழை எண்ணைக் காட்டினால், பின்னணியில் நடப்பதாக நீங்கள் நம்பும் வேலை பின்னணியில் நடக்கவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். இந்தப் பதிவைச் சாளரத்திலுள்ள ஓர் எழுத்துப்பெட்டியில் காட்டக்கூடாது; அது தேடும் சிக்கலோடு இன்னொரு சிக்கலைச் சேர்த்துவிடும். கோப்பிலேயே எழுதுங்கள்.

அறிகுறி: சாளரம் வெளுத்து, 'பதிலளிக்கவில்லை' என்று காட்டுகிறது

இடைமுக இழை 5 செக்கன்களுக்குத் தன் வரிசையிலிருந்து எதையும் எடுக்காவிட்டால், விண்டோஸ் அந்தச் சாளரத்தை உறைந்ததாகக் கருதுகிறது. ஆகவே இது ஒரு காரணமல்ல. பல காரணங்களின் பொது முகம். அவற்றைப் பிரித்தறிய டாஸ்க் மனேஜரைத் திறந்து, செயலி எவ்வளவு வேலை செய்கிறது என்று பாருங்கள். செயலியில் நான்கு கருக்கள் (கோர்) கொண்ட கணினியில் மென்பொருள் ஏறத்தாழ 25 சதவீதத்திலேயே நின்றால், ஒரு கரு முழுவதும் ஓயாமல் ஓடுகிறது என்று பொருள். அது செய்திப் பெருக்கம், அதைப் பின்னர் பார்ப்போம். பூச்சியத்துக்கு அருகில் நின்றால் இடைமுக இழை எதற்காகவோ காத்திருக்கிறது. எதற்காக என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் டிபக்கரை இணைத்து, எல்லா இழைகளையும் நிறுத்தி, இடைமுக இழை எந்த வரியில் நிற்கிறது என்று பாருங்கள்.

அது போர்ட்டைப் படிக்கும் வரியில் நின்றால் விடயம் எளிது. மைக்ரோசொஃப்ட்டின் நிரல் தளமான டொட்நெட்டின் சீரியல் போர்ட் வகுப்பில் படிப்பதற்கான காலவரம்பு இயல்பாகவே முடிவிலியாக வைக்கப்பட்டிருக்கிறது. தராசின் வயர் கழன்றால் அந்த வரி என்றென்றும் காத்திருக்கும். படிப்பதைப் பின்னணிக்கு மாற்றி, காலவரம்பும் கொடுங்கள். கியூட்டியில் எழுதுபவர்கள் இங்கே ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: கியூதிரெட் என்ற பொருள் தான் நடத்தும் இழையில் வாழ்வதில்லை, தன்னை உருவாக்கிய இழையில்தான் வாழ்கிறது. ஆகவே அதிலிருந்து கிளை வகுப்பு எழுதி, அதற்குள், செய்தி வந்ததும் ஓடும் செயற்கூறான ஸ்லொட் ஒன்றை வைத்தால், அந்த ஸ்லொட் இடைமுக இழையிலேயே ஓடும். வேலையைச் செய்யும் பொருளைத் தனியாக எழுதி, அதைப் புதிய இழைக்கு நகர்த்துவதே சரியான முறை.

ஒரே தரவை இரு இழைகள் ஒருசேரத் தொடாமல் காக்கும் பூட்டு ஒன்றுக்காக அது காத்து நின்றால், பூட்டை வைத்திருக்கும் இழை எங்கே நிற்கிறது என்று அடுத்து பாருங்கள். பெரும்பாலும் அது இன்வோக் என்ற அழைப்பில் நிற்கும். பின்னணி இழை பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, 'இடைமுகம் இதைச் செய்து முடிக்கும்வரை காத்திருப்பேன்' என்கிறது. இடைமுகமோ அந்தப் பூட்டு கிடைத்தால்தான் அடுத்த அடி வைக்கும். இன்வோக், செண்ட்மெசேஜ், சுவிங்கின் இன்வோக்அண்ட்வெயிட் ஆகியவை காத்திருக்கும் அழைப்புகள். பிகின்இன்வோக், போஸ்ட்மெசேஜ், இன்வோக்லேட்டர் ஆகியவை போட்டுவிட்டு நகரும் அழைப்புகள். நிறையைத் திரையில் காட்டுவதற்குப் பின்னணி இழை காத்திருக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை; எனவே இவ்வகை மென்பொருளில் காத்திருக்கும் அழைப்பு எங்கே தென்பட்டாலும் அதைச் சந்தேகத்தோடு பார்ப்பதே என் வழக்கம். சி ஷார்ப்பில் பொத்தான் அழுத்தத்தின் உள்ளே தொடக்கிவிட்டுக் காத்திராமல் நகரும் ஓர் அசிங்க் வேலையின் 'ரிசல்ட்' பண்பை நேரடியாகக் கேட்பதும் இதே முட்டுக்கட்டைதான், ஏனெனில் அந்த வேலையின் மீதிப்பகுதி ஓடுவதற்கு இடைமுக இழை ஓய்வாக இருக்க வேண்டும்.

அறிகுறி: நாள் முழுவதும் ஓடுகிறது, மூடும்போது மட்டும் உறைகிறது

தராசு மென்பொருளுக்கே உரிய நோய் இது. சீரியல் போர்ட்டில் தரவு வந்ததை அறிவிக்கும் நிகழ்வு இடைமுக இழையில் எழுவதில்லை. அது வேறோர் இழையில் எழுகிறது. அந்த நிகழ்வுக்குள் இன்வோக் வைத்து எழுதப்பட்ட மென்பொருளில், மாலையில் ஆலைக்காரர் சாளரத்தின் மூலையிலுள்ள பெருக்கற்குறியை அழுத்துகிறார். இடைமுக இழை போர்ட்டை மூடப் போகிறது. மூடும் அழைப்பு, நடந்துகொண்டிருக்கும் நிகழ்வு முடியட்டும் என்று காத்திருக்கிறது. நிகழ்வோ இடைமுகம் வந்து தன் இன்வோக்கை நிறைவேற்றட்டும் என்று காத்திருக்கிறது. தராசில் ஒன்றும் இல்லாதபோதும் அது பூச்சியத்தை அனுப்பிக்கொண்டே இருப்பதால், இந்த மோதல் எந்த மாலையிலும் நேரலாம். மேசையில் சோதிக்கும்போது தராசு இணைக்கப்படாமல் இருப்பதால் நம் கண்ணில் படுவதே இல்லை.

இன்வோக்கை பிகின்இன்வோக் ஆக்கினால் பாதி தீரும். மீதிக்கு மூடும் ஒழுங்கையே மாற்ற வேண்டும். மூடும் நிகழ்வு வந்ததும் முதலில் அதை இரத்துச் செய்து, பொத்தான்களை முடக்கி, பின்னணி இழைக்கு 'நிறுத்து' என்ற கொடியை உயர்த்துங்கள். பின்னணி இழை தன் வாசிப்பை முடித்து, போர்ட்டைத் தானே மூடி, 'முடிந்தது' என்ற கடைசிச் செய்தியை வரிசையில் போடட்டும். அந்தச் செய்தி கிடைத்த பிறகே சாளரம் உண்மையில் மூட வேண்டும். அதற்குள் வரிசையில் ஏற்கெனவே கிடந்த செய்திகள் அழிந்துபோன கட்டுப்பாட்டைத் தொட முயலலாம் என்பதால், சாளரம் உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை தேவை. அந்தச் சோதனையைப் பெறும் பக்கத்தில் வையுங்கள். அனுப்பும் பக்கத்தில் வைத்தால், பார்த்த கணத்துக்கும் செய்தி சேரும் கணத்துக்கும் நடுவே சாளரம் போய்விடலாம்.

மூடிய பின் மீண்டும் திறக்கும்போது 'போர்ட்டுக்கு அனுமதி இல்லை' என்று வந்தால், முந்தைய இயக்கம் இன்னும் சாகவில்லை. டாஸ்க் மனேஜரில் அது சாளரம் இல்லாமல் இருந்துகொண்டிருக்கும். பின்னணி இழையைப் பின்னணி இழை என்றே அறிவிக்காததுதான் காரணம்: டொட்நெட்டில் அதற்கு ஒரு பண்பு உண்டு, பைதனில் டீமன் என்ற குறிப்பு உண்டு. அவற்றைக் கடைசிப் பாதுகாப்பாக மட்டும் வையுங்கள். ஒழுங்காக நிறுத்தும் வேலைக்கு அவை மாற்றாகமாட்டா.

அறிகுறி: நம் கணினியில் பிழை எழுகிறது, ஆலையில் எழவில்லை, ஆனால் அங்கே திரை அவ்வப்போது குழம்புகிறது

வேறோர் இழையிலிருந்து கட்டுப்பாட்டைத் தொட்டுவிட்டீர்கள் என்ற எச்சரிக்கையை, டொட்நெட்டின் சாளர நிரலகமான விண்டோஸ் ஃபோர்ம்ஸ், 2005 இல் வந்த டொட்நெட் 2.0 முதல் தருகிறது. ஆனால் இயல்பு நிலையில் அந்தச் சோதனை டிபக்கர் இணைந்திருக்கும்போது மட்டுமே நடைபெறும். ஆலையில் டிபக்கர் இல்லை, சோதனையும் இல்லை, தவறு மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தச் சோதனையையே அணைத்துவிடும் ஒற்றை வரியைத் தீர்வாகச் சொல்பவர்கள் உண்டு. அது வலிக்கும் இடத்தை மரக்கச் செய்வதோடு சரி. மாறாக, வெளியீட்டுப் பதிப்பிலும் அதை இயக்கியே வையுங்கள். பிழை எழும் வரியைப் பதிவுக்கோப்பு உங்களுக்குச் சொல்லும்.

அறிகுறி: செய்தி வந்து சேரவேயில்லை

பதிவுக்கோப்பில் 'போட்டேன்' இருக்கிறது, 'எடுத்தேன்' இல்லை என்றால் மட்டும் இந்தப் பகுதிக்கு வாருங்கள். 'போட்டேன்' என்பதே ஓரிடத்தில் நின்றுபோயிருந்தால், பின்னணி இழை விதிவிலக்கு (ஓடும்போது எழும் பிழை) ஒன்றில் செத்துவிட்டது. பைதனில் இது குறிப்பாகச் சத்தமில்லாமல் நடக்கும்: கொன்சோல் இல்லாமல் ஓடும்போது பிழைச்செய்தி எழுதப்படுவதற்கே இடமில்லை. இழையின் உச்சியில் எல்லா விதிவிலக்குகளையும் பிடித்து, அதையும் ஒரு செய்தியாக இடைமுகத்துக்கு அனுப்புங்கள். 'தராசு தொடர்பில் இல்லை' என்று சிவப்பில் காட்டுவது, பழைய நிறையை உண்மை போலக் காட்டிக்கொண்டிருப்பதைவிட ஆயிரம் மடங்கு நல்லது.

போட்டது உண்மை, எடுக்கவில்லை என்றால் கேட்க வேண்டியது: பெறுபவரிடம் சுழல் ஓடுகிறதா? கியூட்டியில் வரிசைவழி இணைப்பு, பெறும் இழையில் நிகழ்வுச் சுழல் ஓடினால்தான் வேலை செய்யும். நீங்கள் உருவாக்கிய தரவு வகையைக் கியூட்டி அறியாவிட்டால், வரிசையில் வைக்க முடியாது என்ற ஒரு வரியைக் கொன்சோலில் எழுதிவிட்டுச் செய்தியைக் கைவிட்டுவிடும். விண்டோஸ் ஃபோர்ம்ஸில் சாளரத்தின் கைப்பிடி (விண்டோஸ் அதற்குக் கொடுக்கும் அடையாளம்) உருவாகுமுன்னே பின்னணி இழையைத் தொடக்கியிருந்தால், முதற்செய்திகள் விதிவிலக்காக வெடிக்கும். சாளரம் முதன்முறை காட்டப்பட்ட பிறகு இழையைத் தொடக்குங்கள். பைதனின் சாளர நிரலகமான டிகின்டரில், குறித்த நேரத்துக்குப் பின் ஒரு செயற்கூற்றை ஓட்டச் சொல்லும் ஆஃப்டர் அழைப்புக்குச் செயற்கூற்றின் பெயரைக் கொடுக்காமல் அடைப்புக்குறியோடு அழைத்தே கொடுத்துவிடுவது மிகச் சாதாரணமாக நடப்பது.

இன்னொன்று அரிது, ஆனால் பிடிபட நாளாகும். யாரோ சாளரத்தின் தலைப்புப்பட்டையைப் பிடித்து இழுக்கும்போதோ, 'அழிக்கவா?' என்ற பெட்டி திறந்திருக்கும்போதோ மட்டும் செய்திகள் தொலைகின்றன. அப்போது உங்கள் சுழல் ஓடுவதில்லை. விண்டோஸின் உட்சுழல் ஒன்று ஓடுகிறது. போஸ்ட்திரெட்மெசேஜ் மூலம் இழைக்கு அனுப்பிய செய்திக்குச் சாளர முகவரி இல்லாததால், அந்த உட்சுழல் அதை எடுத்து, கொடுக்க ஆளில்லாமல் எறிந்துவிடும். இழைக்கு அனுப்பாமல் ஒரு சாளரத்துக்கு அனுப்புங்கள். மறைவான சாளரமாக இருந்தாலும் போதும்.

அறிகுறி: எண் வருகிறது, ஆனால் தவறான எண்

1250 கிலோகிராம் ஏறிய மேடையில் ஒரு கணம் 12 என்று தோன்றி மறைந்தால், இழைகளைக் குறை சொல்லுமுன் வாசிப்பைப் பாருங்கள். சீரியல் போர்ட் வரி வரியாகத் தருவதில்லை, வந்த அளவு பைட்டுகளைத் தருகிறது. வரிமுடிவுக் குறி வரும்வரை சேர்த்து வைத்து, முழு வரியை மட்டும் செய்தியாக்க வேண்டும்.

மூன்று உழவு இயந்திரங்களின் நிறை மூன்று வரிசைகளிலும் ஒரே எண்ணாக, அதுவும் கடைசி எண்ணாக, இருந்தால் காரணம் வேறு. பின்னணி இழை ஒரே பொருளை மீண்டும் மீண்டும் நிரப்பி அதன் சுட்டியை அனுப்பியிருக்கிறது. இடைமுகம் எடுத்துப் பார்க்கும்போது உள்ளே இருப்பது கடைசியாக எழுதியது. பைதனில் சுழலுக்குள் எழுதிய லாம்டா என்ற பெயரில்லாச் செயற்கூறு, மாறியின் அந்நேர மதிப்பைப் பிடித்துவைக்காமல் ஓடும் நேரத்து மதிப்பைப் பார்ப்பதாலும் இதே விளைவு வரும். செய்தி என்பது அனுப்பிய பின் யாரும் மாற்ற முடியாத, தனக்கெனப் பிரதி எடுக்கப்பட்ட மதிப்பாக இருக்க வேண்டும்.

அறிகுறி: திரை தராசுக்குப் பின்னால் ஓடுகிறது

"தம்பி, மெசின் இறங்கிப் போட்டுது, இஞ்சை நிறை இன்னும் ஏறிக்கொண்டு நிக்குது." தொலைபேசியில் இப்படி ஒரு வார்த்தை வந்தால் பிழை எங்கே என்று பார்க்காமலே சொல்லிவிடலாம்: வரிசையில் செய்திகள் தேங்கிவிட்டன.

கணக்கைப் பாருங்கள். 9600 போட் வேகத்தில், ஒரு பைட்டுக்கு 10 பிட் வீதம், செக்கனுக்கு 960 பைட்டுகள் வரும். ஒரு வரி 16 பைட் என்றால் செக்கனுக்கு 60 வரிகள். டிகின்டரில் 20 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை விழித்து, ஒரு செய்தியை மட்டும் எடுக்கும் செயற்கூறு அதிகபட்சம் 50 செய்திகளையே எடுக்கும். செக்கனுக்கு 10 மிஞ்சுகிறது. 5 நிமிடத்தில் 3000 செய்திகள் கிடக்கும். அப்போது திரையில் தெரிவது 50 செக்கன் பழைய நிறை. இரணைமடுக் குளத்தில் வரத்து மிகுந்தால் வான்கதவைத் திறக்கலாம். நாம் வைக்காவிட்டால் இந்த வரிசைக்கு வான்கதவே கிடையாது. பைதனின் கியூ இயல்பாக எல்லையற்றது. விண்டோஸில் நேரடியாகப் போஸ்ட்மெசேஜ் செய்தால் 10,000 செய்திகளில் வரிசை நிரம்பி, அதன்பின் அழைப்பு தோல்வியடையும். அந்தத் தோல்வியின் திரும்பு மதிப்பைச் சரிபார்க்கும் நிரலை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

முன்னர் ஒத்திவைத்த முழுக்கரு ஓட்டமும் இதன் உடன்பிறப்பே. விண்டோஸ் வரிசையில் போட்ட செய்திகள் முதலில் எடுக்கப்படும். விசைப்பலகை, சுட்டி உள்ளீடுகள் அடுத்து. வரையும் வேலையும் டைமரும் எல்லாவற்றுக்கும் பின்னால். போடப்படும் செய்திகள் ஓயாவிட்டால் பொத்தான் அழுத்தம் கேட்கப்படாது, திரையும் வரையப்படாது.

இங்கேதான் ஒரு முடிவை எடுக்க வேண்டும். பின்னணியிலிருந்து போகும் செய்திகள் இரண்டு வகை. அவற்றை ஒரே வழியில் அனுப்புவதே பல மென்பொருள்களின் அடிப்படைக் குறை. ஓடிக்கொண்டிருக்கும் நிறை காட்டுவதற்கானது: கடைசி எண் மட்டுமே தேவை, நடுவிலுள்ளவை தொலைந்தால் ஒருவருக்கும் நட்டமில்லை, கண்ணுக்குச் செக்கனுக்கு 10 தடவை போதும். நிலைத்து உறுதியான நிறை பதிவதற்கானது: அதில் ஒன்று தொலைந்தாலும் ஒரு கமக்காரரின் பணம் தொலைகிறது.

காட்டுவதற்கு வரிசை வேண்டாம். ஒரேயொரு இடமும் ஒரு கொடியும் போதும். பின்னணி இழை புதிய எண்ணை அந்த இடத்தில் எழுதுகிறது. பிறகு, பிரிக்க முடியாத ஒரே செயலாகக் கொடியை உயர்த்தி அதன் பழைய நிலையைப் பார்க்கிறது. கொடி ஏற்கெனவே உயர்ந்திருந்தால் பேசாமல் இருந்துவிடுகிறது, இல்லாவிட்டால் ஒரு செய்தியைப் போடுகிறது. இடைமுக இழை செய்தியை எடுத்ததும் முதலில் கொடியை இறக்க வேண்டும், அதன்பின் எண்ணைப் படிக்க வேண்டும். இந்த ஒழுங்கு தலைகீழானால் என்ன நடக்கும் என்று ஒருமுறை தாளில் எழுதிப் பாருங்கள்: எண்ணைப் படித்தபின், கொடியை இறக்குமுன், புதிய எண் வருகிறது, கொடி உயர்ந்திருப்பதால் செய்தி போடப்படவில்லை, பிறகு கொடி இறங்குகிறது, புதிய எண் இடத்தில் கிடக்கிறது, யாரும் அதைப் படிக்க வரவில்லை. ஓயாமல் அனுப்பும் தராசில் அடுத்த வரி இந்தத் தவறை மூடிவிடும். நிறை மாறும்போது மட்டும் அனுப்பும் தராசிலோ, திரை கடைசி எண்ணுக்கு முந்தியதிலேயே நின்றுவிடும். சுவிங்வேர்க்கரும் ஜாவாஎஃப்எக்ஸின் டாஸ்க் வகுப்பும் இவ்வாறு செய்திகளைச் சேர்த்துக் கொடுப்பதைத் தாமே செய்கின்றன. அவற்றைப் பயன்படுத்துபவர்கள் இதைக் கையால் எழுத வேண்டியதில்லை.

பதிவதற்குரிய செய்தி இடைமுகத்தின் வழியாகவே போகக்கூடாது என்பது என் நிலைப்பாடு. உறுதியான நிறை கிடைத்ததும் பின்னணி இழை அதைத் தொடர் எண்ணோடு தரவுத்தளத்தில் எழுதி முடித்து, அதன்பின் 'இன்ன எண் பதியப்பட்டது' என்று மட்டும் இடைமுகத்துக்குச் சொல்லட்டும். பெயரும் ஈரப்பதமும் அந்த எண்ணோடு பிறகு சேரலாம். திரை உறைந்தாலும் மின்சாரம் நின்றாலும் எழுதியது எழுதியதாகவே இருக்கும். பைதனில் எஸ்கியூலைட் பயன்படுத்தினால் தரவுத்தள இணைப்பை அந்த இழைக்குள்ளேயே திறக்க வேண்டும். வேறோர் இழையில் திறந்த இணைப்பை அது இயல்பாக ஏற்காது.

அறிகுறி: ஒரே நிறைக்கு இரண்டு பற்றுச்சீட்டுகள்

நீண்ட வேலையின் நடுவே திரை அசையட்டும் என்று யாரோ டூஈவன்ட்ஸ் அழைப்பை வைத்திருப்பார்கள். அச்சிடும் செயற்கூறு முடியுமுன் அந்த அழைப்பு வரிசையிலிருந்த இரண்டாவது அழுத்தத்தை எடுத்து, அதே செயற்கூற்றை மீண்டும் தொடக்கிவிடுகிறது. அந்த அழைப்பை நீக்கி அச்சிடலைப் பின்னணிக்கு அனுப்புங்கள். தொடங்கும்போதே பொத்தானை முடக்குங்கள்.

திருத்தியதைச் சோதிக்க

உழவு இயந்திரம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விண்டோஸில் கொம்0கொம், லினக்ஸில் சோகாட் ஆகியவை ஒன்றோடொன்று இணைந்த இரு போலிப் போர்ட்டுகளை உருவாக்கித் தரும். ஒரு முனையில் சிறிய நிரல் ஒன்றால் எண்ணிட்ட வரிகளைத் தராசின் வேகத்தைவிடப் பத்து மடங்கில் அனுப்புங்கள்; மறுமுனையில் மென்பொருள் ஓடட்டும். இடைமுகத்தின் பெறும் செயற்கூற்றில் வேண்டுமென்றே 3 செக்கன் தாமதத்தை வையுங்கள், சாளரத்தை இழுத்துப் பாருங்கள், ஒரு பெட்டியைத் திறந்தபடி விடுங்கள், ஓடும்போதே மூடுங்கள். பிறகு தரவுத்தளத்தில் தொடர் எண்கள் இடைவெளியின்றி இருக்கின்றனவா, டாஸ்க் மனேஜரில் இயக்கம் மறைந்துவிட்டதா, தாமதத்தை நீக்கியதும் திரை உடனே கடைசி எண்ணுக்கு வருகிறதா என்ற மூன்றையும் பாருங்கள். மூன்றும் சரியானால் ஆலைக்கு எடுத்துச் செல்லலாம். பதிவுக்கோப்பின் அந்த மூன்று வரிகளை மட்டும் அங்கேயும் நீக்காமல் விடுங்கள்.